சண்டை ரோபோ: டிரம் பாதியில் நிற்கிறது, எடையும் கூடிவிட்டது. பெரிய பேட்டரி போடலாமா?

கேள்வி:
வணக்கம். 1.36 கிலோ பிரிவுக்கு வீட்டிலேயே ஒரு ரோபோ செய்திருக்கிறேன். முன்னால் செங்குத்தாகச் சுழலும் டிரம், தரையைத் தொட்டபடி இரண்டு கவைகள். பின்னால் இரண்டு சக்கரங்கள். பேட்டரி 4 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்), 1300 மில்லி ஆம்பியர் மணி, 20 சி. மொத்தம் 1405 கிராம் வருகிறது. 45 கிராம் குறைத்தாக வேண்டும். மூன்று நிமிடச் சண்டையில் பாதி தாண்டியதும் டிரம் நின்றுவிடுகிறது. ரிமோட்டின் ஸ்டிக்கை இறக்கி ஏற்றினால் மறுபடி சுற்றுகிறது. எதையாவது அடித்தால் மீண்டும் நிற்கிறது. சக்கரங்களும் வழுக்குகின்றன. இன்னும் பெரிய பேட்டரி வேண்டுமா?

பதில் 1:
சண்டைக்குப் பிறகு சார்ஜர் எவ்வளவு ஏற்றியதாகக் காட்டுகிறது? டிரம் நிற்கும்போது ரிசீவர் விளக்கு அணைகிறதா?

கேட்டவர்:
520 மில்லி ஆம்பியர் மணி. விளக்கு அணைவதில்லை. பேட்டரிதான் தொட முடியாதபடி சுடுகிறது.

பதில் 1:
அப்படியானால் பெரிய பேட்டரி வேண்டவே வேண்டாம். 1300-இல் பாதிகூடச் செலவாகவில்லை. குறை கொள்ளளவில் இல்லை, மின்னோட்டத்தில் இருக்கிறது. சி என்பது கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு மின்னோட்டம் தரும் என்ற எண்; 1.3 ஆம்பியர் மணி, 20 சி என்றால் 26 ஆம்பியர்தான். அடி விழுந்து டிரம் மறுபடி வேகமெடுக்கும்போது மோட்டார் அதற்கு மேல் கேட்கிறது. மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. பேட்டரி தீர்ந்துவிட்டதாக எண்ணி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலர் அதை நிறுத்திவிடுகிறது. 850, 75 சி எடுங்கள். கணக்குப்படி 63 ஆம்பியர் வரும், 520 போனாலும் 330 மிச்சம், எடையும் ஏறக்குறைய 50 கிராம் குறையும். உறையில் அச்சிட்ட சி எண்ணை மட்டும் நம்பாதீர்கள்; சார்ஜரில் உள்தடையைப் பாருங்கள், குறைவாக இருப்பதே நல்ல செல். மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் கன்ட்ரோலரின் அந்தக் காப்பை அணைத்துவிடச் சிலர் சொல்வார்கள். இப்போதிருக்கும் பேட்டரியோடு அதைச் செய்யாதீர்கள். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டுவிடும். அதை மறுபடி சார்ஜ் செய்வது தீயில் முடியலாம். உப்பியிருந்தால் கழித்துவிடுங்கள்.

பதில் 2:
வழுக்கலுக்கு வருகிறேன். கவைகளைச் சமையலறைத் தராசில் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குக் கட்டை கொடுத்து எடை பாருங்கள்.

கேட்டவர்:
முன்னால் 800 கிராம். சக்கர அச்சிலிருந்து கவை தரையைத் தொடும் இடம் வரை 120 மி.மீ.

பதில் 2:
சக்கரங்களுக்கு மிஞ்சுவது 605 கிராம், அதாவது 43%. எடை ஏறாத சக்கரம் வழுக்கத்தான் செய்யும். 100 கிராம் பேட்டரியை 30 மி.மீ. பின்னால் தள்ளினால் 25 கிராம்தான் சக்கரத்துக்குப் போகும், அதனால் அது மட்டும் போதாது. அச்சையே 25 மி.மீ. முன்னால் கொண்டுவாருங்கள். மோட்டார்களும் கூடவே நகர்வதால் பலன் கொஞ்சம் குறையும். ஆனாலும் இரண்டையும் சேர்த்துச் செய்தால் பாதிக்கு மேல் சக்கரங்களில் இறங்கும். இடத்துக்காகச் சக்கரங்களை மட்டும் உள்ளே நெருக்கிவிடாதீர்கள். டிரம் முழு வேகத்தில் சுழலும்போது திரும்பினால் ஒரு பக்கச் சக்கரம் தூக்கும். இரு சக்கரங்களுக்கும் இடையே அகலம் இருந்தால்தான் அது அடங்கும்.

கேட்டவர்:
இரண்டையும் மாற்றிவிட்டேன். 1352 கிராம். டிரம் கடைசி வரை நிற்கவில்லை, பேட்டரி வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. மிஞ்சிய 8 கிராமை டிரம்மில் சேர்க்கலாமா?

பதில் 1:
பேட்டரியைச் சுற்றி நுரைப்பஞ்சுக்குக் கொடுங்கள். திருகு முனை எதுவும் அதன் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.