மாந்திரீகப் புத்தகங்கள் சேர்க்க ஆசை, எதிலிருந்து தொடங்குவது?

வெள்ளவத்தைக் காகம்:
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் அம்மப்பாவின் அலுமாரியை ஒதுக்கும்போது அடித்தட்டில் ஒரு சீஆர் கொப்பி கிடைத்தது. மட்டக்களப்பில் இருந்த காலத்தில் அவர் தேள்கடிக்குப் பார்வை பார்ப்பார், நூல் கட்டுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் இவ்வளவு எழுதிவைத்திருப்பார் என்று நினைக்கவில்லை. கட்டம் கட்டமாக எழுத்துகள், நடுவில் ஓங்காரம், ஓரத்தில் பென்சிலால் "செப்புத் தகடு, தேசிக்காய் 3, வெள்ளி மாலை". அம்மா அது வீட்டிலேயே இருக்கக்கூடாது, கொண்டுபோய்க் கடலில் போடு என்கிறார். எனக்கோ அதைப் பார்த்ததிலிருந்து இந்த விஷயத்தில் ஒரு சின்ன நூலகமே சேர்க்க ஆசை. செய்து பார்க்க இல்லை, விளங்கிக்கொள்ள. மாதம் 10,000 ரூபாய்க்குள் ஒதுக்கலாம். கடைகளில் கேட்டால் வசியம், தனவரவு என்று பளபள அட்டைப் புத்தகங்களை எடுத்துத் தருகிறார்கள், இணையத்தில் தேடினால் எல்லாம் ஐரோப்பாக்காரர்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டும் வாசிப்பேன்.

ஏட்டுக்கட்டு:
தம்பி, முதல் வேலை, அந்தக் கொப்பியைக் கடலில் போடாதீர்கள். உங்கள் நூலகத்தின் முதல் புத்தகம் அதுதான், மற்றதெல்லாம் அதை வாசிப்பதற்கான துணை நூல்கள். பளபள அட்டைகளிலும் ஒன்றிரண்டு வாங்குங்கள், சிரிக்காமல். வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகர்ஷணம், வித்துவேஷணம், பேதனம், மாரணம் என்று அட்டகர்மத்தை, அதாவது மாந்திரீகத்தின் எட்டு வேலைகளை, வரிசையாகப் போட்டு, எதற்கு எந்தத் திசை, எந்த உலோகம் என்றும் எழுதியிருப்பார்கள். உங்கள் கொப்பியின் செப்புத் தகடும் வெள்ளிக்கிழமையும் எதற்கு என்பது அதில் பிடிபடலாம். அப்புறம் திருமந்திரத்தின் நான்காம் தந்திரம்: திருவம்பலச் சக்கரம், நவாக்கரி சக்கரம், வயிரவி மந்திரம், அந்தக் கட்டங்கள் எந்த மரபில் வந்தவை என்று தெரியும். நல்ல உரையோடு வாங்குங்கள், வெறும் மூலம் தலையைச் சுற்றும்.

ஆங்கிலத்தில் என்றால் கார்ல் குஸ்தாவ் டீல் 1956ல் எழுதிய 'இன்ஸ்ட்ருமென்ட் அண்ட் பர்ப்பஸ்', தென்னிந்தியச் சடங்குகளைப் பற்றியது. சித்தர்களுக்கு கமில் சுவலபிலின் 'த பொயட்ஸ் ஒஃப் த பவர்ஸ்', 1973, சின்னப் புத்தகம்தான். அகத்தியர் பேரில் அச்சாகியிருப்பதையெல்லாம் பழைய அகத்தியரே எழுதினார் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், மொழியைப் பார்த்தாலே பிற்காலம் என்று தெரிந்துவிடும்.

மருதானை வாசகி:
ஏட்டுக்கட்டு அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு சிங்களப் பக்கத்தை விட்டால் பாதிதான் தெரியும். நாம் சூனியம் என்றால் அவர்கள் ஹூனியம். தந்திரிஸ் டி சில்வா குணரத்ன 1860களில் ரோயல் ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் இலங்கைப் பேய்கள், சூனியம் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதினார், உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் காசு செலவில்லை. புரூஸ் கப்ஃபெரரின் 'எ செலிபிரேஷன் ஒஃப் டீமன்ஸ்' (1983) கட்டாயம். சிங்களவரின் பேயோட்டும் சடங்கான தொவில் இரவெல்லாம் நடக்கிறது அல்லவா, முன்னிரவில் நடுங்கவைத்த பேய்கள் விடியும் பக்கம் மேடைக்கு வந்து கேலிப்பட்டுப் போகும், நோயாளியும் சேர்ந்து சிரிப்பார், பேயின் பிடி அந்தச் சிரிப்பில்தான் தளர்கிறது என்பது அவர் வாதம். எழுத்து கொஞ்சம் கரடுமுரடு, பொறுமையாகப் போங்கள்.

டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் அதிர்ஷ்டம் இருந்தால் 'கோல்டன் பௌ' எழுதிய ஃபிரேசர் கிடைப்பார். பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள், நான் ஒருமுறை ஆசையில் தூக்கிவந்த 'கோல்டன் பௌ'வில் நடுப்பகுதி முழுக்க இராமபாணப் பூச்சி அரித்த சல்லடை. 12 தொகுதியும் தேவையில்லை, 1922 சுருக்கப் பதிப்பே போதும்.

சும்மா ஒருவன்:
இவ்வளவு சொல்கிறீர்கள், கோவூரை மறந்துவிட்டீர்களே! கேரளத்திலிருந்து வந்து கொழும்பில் ஆசிரியராக இருந்த ஏப்ரகாம் கோவூர், அற்புதம் செய்துகாட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டவர். 1978ல் இறக்கும்வரை ஒருவராலும் அந்தக் காசை வாங்க முடியவில்லை. அவருடைய 'பிகோன் கோட்மென்' வாங்குங்கள். 1973ல் வந்த 'மறுபிறவி' தமிழ்ப்படம் கூட அவருடைய நோயாளி ஒருவரின் கதைதான். செய்வினை என்று நம்பி வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசியவர் என்பதால் சும்மா திட்டுகிற புத்தகம் இல்லை.

ஏட்டுக்கட்டு:
கோவூருக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் "பொய்" என்று சொன்னதும் வேலை முடிந்துவிடாது, அதற்கு இவான்ஸ் பிரிச்சட் 1937ல் எழுதிய, ஆபிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றிய புத்தகம் பக்கத்தில் இருக்கவேண்டும். களஞ்சியம் இடிந்து விழுகிறது, கறையான் தூணைத் தின்றதால்தான் விழுந்தது என்று அவர்களுக்கும் தெரியும். நான் கீழே உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து ஏன் விழுந்தது? அந்தக் கேள்விக்குத்தான் சூனியம் பதில். நம் வீடுகளில் "எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி" என்று கேட்பதும் அதேதான். ஐரோப்பா வேண்டுமென்றால் கீத் தோமஸின் 'ரிலிஜன் அண்ட் த டிக்ளைன் ஒஃப் மெஜிக்' (1971) ஒன்று போதும், மொத்தப் புத்தகம், ஒரு வருடம் ஓடும்.

கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டீர்களா? வெள்ளவத்தைக் கடற்காற்றில் மை நிற்காது.

வெள்ளவத்தைக் காகம்:
எல்லோருக்கும் நன்றி. படம் எடுத்தாயிற்று, 64 பக்கம். அம்மாவோடு ஒப்பந்தம்: கொப்பி சாமியறைப் பக்கம் வரக்கூடாது, நான் எதையும் வாய்விட்டு வாசிக்கக்கூடாது. நான் படம் எடுக்கும்போது வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர் கடைசியில் சொல்கிறார், ஓரத்துப் பென்சில் எழுத்து தன்னுடையதாம், பத்து வயதில் அம்மப்பா சொல்லச் சொல்ல எழுதியதாம். தேசிக்காய்க்கு மட்டும் இன்னும் விளக்கம் தரவில்லை.

இந்த மாதம் திருமந்திரம், கோவூர். கப்ஃபெரரின் பழைய பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், புதிது என் கைக்கு எட்டாது.