செப்டிக் ஷாக்: கிலோவுக்கு 30 மில்லி என்ன வேதவாக்கா?

நைட் ட்யூட்டி | ஞாயிறு, இரவு 11:40
வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு அம்மா வந்தாங்க. வயசு 62, சுகர், ரெண்டு நாளா குளிர்காய்ச்சல், நீர்க்கடுப்பு. எடை 60 கிலோ. பிரஷர் 80/40, லாக்டேட் (உறுப்புக்கு ரத்தம் பத்தலன்னா ரத்தத்துல ஏறுறது) 5. கிருமித்தொற்று முத்தி பிரஷர் விழுந்துபோன செப்டிக் ஷாக். ஒரு லிட்டர் ரிங்கர் லாக்டேட் (சலைன் மாதிரி ஒரு திரவம்) ஓட்டினேன், பிரஷர் அசையவே இல்ல. சென்ட்ரல் லைனுக்கு (கழுத்து மாதிரி இடத்துல பெரிய நரம்புல போடற குழாய்) காத்திருக்காம கை நரம்பிலேயே நார்அட்ரினலின் (ரத்தக்குழாயை இறுக்கி பிரஷரை ஏத்துற மருந்து, சுருக்கமா நார்அட்) ஆரம்பிச்சுட்டேன். போன்ல சொன்னதும் சீஃப் இன்னொரு லிட்டர் ஓட்ட வெச்சார். காலைல ரவுண்ட்ஸ்ல "கிலோவுக்கு 30 மில்லி திரவம்னு கணக்கு, 60 கிலோவுக்கு 1,800 மில்லி, மொதல்ல அதை முடிக்காம நார்அட் எதுக்கு?"ன்னு எல்லார் முன்னாடியும் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். நான் செஞ்சது தப்பா?

கேசுவாலிட்டி கிழவன் | 11:58
தப்புதான் தம்பி. காய்ஞ்ச கிணத்துல மோட்டார் ஓட்டினா மோட்டார்தான் கருகும். ரெண்டு நாள் காய்ச்சல், சாப்பாடு இறங்கியிருக்காது, சுகர் வேற ஏறி நீரா இறங்கியிருக்கும். ரத்தக்குழாயில சரக்கே இல்லாதப்ப நார்அட் குழாயை இறுக்கி மானிட்டர்ல சராசரி பிரஷர் 65னு நல்லாக் காட்டும், உள்ளே கிட்னி காயும்.
2001ல ரிவர்ஸ் குழு டெட்ராய்ட்ல செஞ்ச ஆய்வைப் படி. முதல் 6 மணி நேரத்திலேயே கிட்டத்தட்ட 5 லிட்டர் கொடுத்தாங்க. இறப்பு 46.5 சதவீதத்திலிருந்து 30.5க்கு இறங்குச்சு. அதுக்கு முன்னாடி இந்த மாதிரி கேஸை வார்டுல ஓரமா போட்டு வெச்ச காலத்தை நான் பார்த்திருக்கேன்.

சொட்டுக் கணக்கு | திங்கள், 12:21
ஐயா, அது ஒரே ஆஸ்பத்திரி, 263 பேர். அதுல தண்ணி மட்டுமா இருந்துச்சு? ரத்தம், டோபுட்டமின் (இதயத்துடிப்புக்கு வலு சேர்க்கிற மருந்து), சென்ட்ரல் லைன்ல எடுக்கிற அளவுகள் எல்லாம் சேர்ந்த பொட்டலம். 2014லயும் 2015லயும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன்ல பெரிய அளவுல திரும்பச் செஞ்சப்ப அந்தப் பொட்டலத்தால பலன் தெரியல.
கிணறு காய்ஞ்சதுன்னு எப்படித் தெரியும்? செப்டிக் ஷாக்ல வாய்க்காலே அகண்டு போகுது, கரையும் ஒழுகுது. ஊத்தின சலைன்ல பெரும்பகுதி கொஞ்ச நேரத்துலயே குழாயை விட்டு வெளியேறி நுரையீரல்லயும் குடல்லயும் போய் உட்காரும்.
2011ல வந்த ஃபீஸ்ட் ஆய்வைப் பாருங்க. கென்யா, உகாண்டா, தான்சானியால காய்ச்சலோட ரத்த ஓட்டம் குறைஞ்சு வந்த 3,141 குழந்தைங்க. வேகமா சலைன் ஏத்தினதுல 48 மணி நேரத்துக்குள்ள இறந்தது 10.5 சதவீதம். ஏத்தாதவங்கள்ல 7.3.

கேசுவாலிட்டி கிழவன் | 12:34
வரும்னு தெரியும் இந்த ஃபீஸ்ட். பாதிக்கு மேல மலேரியா, மூணுல ஒண்ணுக்கு ஹீமோகுளோபின் 5க்குக் கீழ. தண்ணியா இருக்கிற ரத்தத்துல மேலும் தண்ணி. அந்த அம்மா அப்படியா?

சொட்டுக் கணக்கு | 12:47
மலேரியா இல்லாத குழந்தைங்க, ரத்தசோகை இல்லாத குழந்தைங்களைத் தனியா பிரிச்சுப் பார்த்தும் அதே திசைதான். நுரையீரல்ல நீர் கோர்த்துதான் இறந்திருப்பாங்கன்னு எல்லாரும் நினைச்சோம். திரும்ப ஆராய்ஞ்சப்ப பெரும்பாலும் இதயமும் ரத்த ஓட்டமும் சரிஞ்சுதான் போயிருக்காங்க. பிரஷர் முதல்ல ஏறுது, பின்னாடி விழுது. அந்த முதல் ஏற்றத்தைப் பார்த்துதான் நாம சந்தோஷப்படறோம்.
பெரியவங்களுக்கும் இருக்கு. 2017ல ஜாம்பியா: தண்ணியை முன்கூட்டியே நிறையக் கொடுத்த குழுவுல 48 சதவீதம் போயிட்டாங்க, வழக்கமான வைத்தியத்துல 33.

கேசுவாலிட்டி கிழவன் | 12:59
ஜாம்பியால பெரும்பாலானவங்களுக்கு எச்.ஐ.வி. அதையும் எழுதணும்ல?
சரி, அமெரிக்காவுல 2023ல வந்த க்ளோவர்ஸ் ஆய்வு: ஒரு குழுவுக்கு 24 மணி நேரத்துல சுமார் 3.4 லிட்டர், இன்னொண்ணுக்கு 1.3. இறப்பு முறையே 14.9, 14.0 சதவீதம். வித்தியாசமே இல்ல. அதுலயும் ஆய்வுல சேரும் முன்னாடியே எல்லாரும் 1 முதல் 3 லிட்டர் வாங்கிட்டாங்க. முதல் லிட்டர்களே வேணாம்னு அது சொல்லல.

சொட்டுக் கணக்கு | 1:06
முதல் லிட்டர் வேணாம்னு நானும் சொல்லல. 30 மில்லின்னு எழுதின சர்வதேச வழிகாட்டியே 2021ல அதை 'கட்டாயம்'லேர்ந்து 'யோசனை'க்கு இறக்கிருச்சு. கை நரம்பிலேயே நார்அட் ஆரம்பிக்கலாம், லைனுக்காகத் தாமதிக்காதேன்னும் அதே பக்கத்துல இருக்கு. தம்பி செஞ்சது அதுதான்.

வாசல் பெஞ்ச் | 1:15
நான் டாக்டர் இல்ல. அப்பாவை ஐ.சி.யூ.வுல சேர்த்தப்ப "பேஷண்ட் ஷாக்ல இருக்கார்"னாங்க. எங்க சித்தி "எந்த ஸ்விட்சைத் தொட்டார்?"னு கேட்டாங்க. நான் அப்பாக்கு யாரோ கெட்ட சேதி சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன். ரத்தம் உறுப்புக்குப் போய்ச் சேரலன்னு அர்த்தம்னு மூணாம் நாள்தான் ஒரு சிஸ்டர் சொன்னாங்க.

ஐசியூ சிஸ்டர் | 1:32
மில்லியைப் பத்தி இவ்ளோ எழுதறீங்க, யாராவது அந்த அம்மா கையைத் தொட்டுப் பார்த்ததா எழுதலையே?
டெங்கு சீசன்ல ஒரு பையன், 9 வயசு. காய்ச்சல் விட்ட நாள். உட்கார்ந்து பேசறான், பிஸ்கட் கேக்கறான். பிரஷர் 100/85. நூறு இருக்கேன்னு டாக்டர் அடுத்த பெட்டுக்குப் போயிட்டார். மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் 15தான் இடைவெளி, அதுவே ஷாக்கோட அறிகுறி. பாதத்துலேர்ந்து முழங்கால் வரைக்கும் ஐஸ். விரலை அழுத்தி விட்டேன், வெளுத்த இடம் சிவக்க அஞ்சு செகண்ட் ஆச்சு. ஓடிப்போய்க் கூப்பிட்டேன். அவனுக்குத் தண்ணிதான் உயிர். ஹெமட்டோக்ரிட் (ரத்தம் எவ்ளோ கெட்டியா இருக்குன்னு காட்டற அளவு) பார்த்துப் பார்த்து ஓட்டினோம். ரத்தக்குழாயிலேர்ந்து நீர் ஒழுகறது நின்னதும் குறைச்சோம், இல்லன்னா அதே தண்ணி நெஞ்சுல ஏறியிருக்கும்.
2019ல தென் அமெரிக்காவுல 424 பேர்கிட்ட இந்த விரல் அழுத்தத்தையும் லாக்டேட்டையும் ஒப்பிட்டாங்க. கண்ணாடி ஸ்லைடால 10 செகண்ட் அழுத்தி, அரை மணிக்கு ஒருதரம். விரலைப் பார்த்து வைத்தியம் செஞ்சதுல இறப்பு 34.9, லாக்டேட்டைப் பார்த்ததுல 43.4. உறுதியா நிரூபணம் ஆகலதான். ஆனா விரலுக்கு லேப் ரிப்போர்ட் வர வேண்டியதில்ல.
தம்பி, ஆன்டிபயாட்டிக் எத்தனை மணிக்குப் போச்சு? சிறுநீர் வழி அடைச்சிருக்கான்னு ஸ்கேன் பார்த்தீங்களா?

கேசுவாலிட்டி கிழவன் | 1:38
இதை நான்தான் முதல்ல கேட்டிருக்கணும். இந்த வயசுல சண்டைக்கு உட்கார்ந்துட்டேன். ஆனா சிஸ்டர், ஒரு டாக்டருக்கு நாப்பது பேர் நிக்கிற கேசுவாலிட்டியில அரை மணிக்கு ஒருதரம் விரலை யார் அழுத்துவா? அங்கே 30 மில்லின்னு ஒரு கணக்காவது இருக்கணும்.

ஐசியூ சிஸ்டர் | 1:41
நாங்கதான் அழுத்துவோம். எழுதிக் கொடுங்க.

நைட் ட்யூட்டி | 2:10
அந்த அம்மா வந்த 40 நிமிஷத்துல ஆன்டிபயாட்டிக் போட்டாச்சு சிஸ்டர். ஸ்கேன்ல வலது கிட்னி வீங்கியிருந்துச்சு, கல் அடைச்சு மேல சீழ். யூராலஜி ஆள் விடியக்காலை 4 மணிக்கு வந்து ஸ்டென்ட் (அடைப்பைத் தாண்டி சிறுநீரை இறக்குற குழாய்) போட்டார். மதியத்துக்குள்ள நார்அட் பாதியாச்சு, இன்னிக்குக் காலைல நிறுத்தியாச்சு. அந்த அம்மா தயிர் சாதம் கேட்டுச் சாப்பிட்டாங்க. ரெண்டாவது லிட்டராலதான்னு சீஃப் சொல்றார், நான் நார்அட்ங்கறேன். யூராலஜி ஆள் எங்க ரெண்டு பேரையும் பார்த்துச் சிரிச்சுட்டுப் போறார்.