இருண்ட நகர கேம்கள்: உங்களை இன்னும் விடாத ஒரு நிமிஷம் எது?

குன்னூர்_சங்கு:
விக்டர் அன்டோனோவ் 2025 பிப்ரவரியில் இறந்துட்டார்னு படிச்ச ராத்திரியிலிருந்து மனசு ஒரே இடத்துல நிக்குது. ஹாஃப்-லைஃப் 2 கேமோட ஆர்ட் டைரக்டர். பல்கேரியாவில் சோஃபியாவில் பிறந்தவர். அந்த கேம் நடக்கிற அடக்குமுறை நகரம் சிட்டி 17. அதோட பழைய ஐரோப்பியக் கட்டடங்களும், அதுக்கு நடுவுல வானத்தைக் குத்திக்கிட்டு நிக்கிற சிட்டடெல்ங்கிற ஆட்சியாளர்களோட கோபுரமும் அவர் கண்ணு வழியா வந்ததுதான். விளையாடினவங்களுக்கு ரயில்வே ஸ்டேஷனைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல.

2006, நான் ப்ளஸ் ஒன். பெட்போர்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், வெளியே விடாம மழை. ரயிலை விட்டு இறங்குறேன், மேலே பெரிய திரையில அந்த ஊர் நிர்வாகி பிரீன் பேசிக்கிட்டே இருக்கார். ஒரு போலீஸ்காரன் லத்தியால டப்பாவைத் தட்டிக் கீழே போட்டு, அதை எடுத்துக் குப்பையில போடுன்னான். போட்டேன். ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு வழி விட்டான்.

பக்கத்து சிஸ்டத்துல இருந்த என் ஃப்ரெண்ட் அதே டப்பாவை அவன் மூஞ்சி மேலயே எறிஞ்சான். ரெண்டு அடி வாங்கினான். அவனும் உள்ளே போனான். எறியலாம்னு எனக்குத் தோணவே இல்ல, விரல் தானா எடுத்துருச்சு.

அன்னிக்கு சாயந்திரம் அம்மா தேயிலை எடை போட்டுட்டு வந்தாங்க. மழை ஈரம்னு சொல்லி எடையில கழிச்சுட்டாங்களாம். "நீ ஒண்ணும் கேக்கலயா?"ன்னேன். "என்னத்தடா கேக்குறது"ன்னுட்டு முந்தானையால தலையைத் துவட்டினாங்க. அப்ப ரெண்டையும் நான் சேர்த்து யோசிக்கல. இப்ப யோசிக்கிறேன். அதுக்கப்புறம் அந்த கேமை எத்தனையோ தடவை முடிச்சாச்சு. ஆனா மறுபடி மறுபடி போறது அந்த ஸ்டேஷனுக்குத்தான். துப்பாக்கி கைக்கு வந்ததும் எனக்குப் பாதி ஆர்வம் போயிரும்.

உங்களுக்கு எந்த இடம்?

மூடுபனி_கொடை:
சைலன்ட் ஹில்ங்கிற பேய் கேம், சந்தேகமே இல்ல. 1999ல பிளேஸ்டேஷனால தூரத்துத் தெருவையெல்லாம் வரைய முடியல, அதை மறைக்கத்தான் பனிமூட்டத்தைப் போட்டாங்கன்னு சொல்வாங்க. எதுக்காகப் போட்டிருந்தாலும் சரி, கொடைக்கானல்ல வளர்ந்தவனுக்கு அது மிஷின் பிரச்சனையா தெரியாது. எங்க ஊர் நவம்பர் மாசம் அது.

அதுல ஒரு பாக்கெட் ரேடியோ இருக்கும்ல, ஏதாவது கிட்ட வந்தா இரையும். போன நவம்பர்ல ராத்திரி ஏழு மணி இருக்கும், பெருமாள்மலையிலிருந்து ஸ்கூட்டர்ல மேலே ஏறிக்கிட்டு இருக்கேன். ஒரு காதுல போன் எஃப்எம். வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டி ஒரு வளைவு, சிக்னல் போயி கரகரகரன்னு இரைச்சல். என்னையறியாம பிரேக் பிடிச்சுட்டேன். இன்ஜின் சத்தம் அடங்கினதும் மூச்சு கேட்டுச்சு, ரொம்பக் கிட்ட, கனமா. முதல்ல மூக்குலேர்ந்து வர்ற ஆவி தெரிஞ்சுது, பிறகு வெள்ளைக் காலு. காட்டுமாடு, ரோட்டுக்குக் குறுக்க. அப்படியே போயிருந்தா நேரா அது வயித்துலதான் மோதியிருப்பேன்.

பத்து வயசுல டிவி முன்னாடி உக்காந்து பழகின பயம் அன்னிக்கு என்னைக் காப்பாத்துச்சு.

ஓவேலி_மழை:
மூடுபனி அண்ணா, நல்ல அனுபவம். ஆனா சைலன்ட் ஹில் இந்தத் திரிக்குள்ள வராது. பேய் ஊர் வேற, கொடுங்கோல் ஊர் வேற. ஆளைத் தரம் பிரிக்க ஒரு அதிகாரம் இருக்கணும், கையில ஒரு காகிதம் இருக்கணும். டிஸ்டோப்பியாவை, அதான் அந்தக் கொடுங்கோல் உலகத்தை, அது இல்லாம எப்படிச் சொல்றது?

என்னோடது "பேப்பர்ஸ், ப்ளீஸ்"ங்கிற கேம். லூகாஸ் போப் 2013ல தனியாளா பண்ணினது. கிரெஸ்டின்ங்கிற எல்லை ஊர்ச் சோதனைச் சாவடியில நீங்கதான் அதிகாரி. கணவன் வருவான், எல்லா காகிதமும் சரியா இருக்கும். "பின்னாடி என் மனைவி வர்றா, கொஞ்சம் பார்த்துக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போவான். அடுத்து அவ வருவா. நுழைவு அனுமதி இருக்காது. திருப்பி அனுப்பினா கொன்னுடுவாங்கன்னு சொல்வா.

அந்த நேரம் அம்மாயி பின்னால உக்காந்து இஞ்சி தட்டிக்கிட்டு இருந்தாங்க. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்க வீட்டுல பாடப்புத்தகச் சமாச்சாரம் கிடையாது. இலங்கையில இருந்த இந்திய வம்சாவளித் தமிழங்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு எழுதிப் பிரிச்சதுல அம்மாயி இந்தப் பக்கம், அவங்க அக்கா அந்தப் பக்கம். தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் கூடலூர்த் தேயிலை. அக்காவைத் திரும்பப் பார்க்கவே இல்ல.

"அந்தப் பொம்பளை என்ன சொல்றா?"ன்னாங்க. சொன்னேன்.
"பேப்பர் இல்லாட்டி?"
"திருப்பி அனுப்பணும் அம்மாயி. விட்டா நம்ம மேல தப்பு வரும். தப்பு சேர்ந்தா சம்பளத்துல பிடிப்பாங்க."
தட்டுறது நின்னுச்சு. "காசு பிடிச்சா நான் தாரேன்டா. அவளை விடு."

பச்சை முத்திரை குத்தினேன். இடுப்புல செருகியிருந்த சுருக்குப்பையில அவங்க கை போயிருச்சு, அதைத்தான் என்னால மறக்க முடியல. முதல் ரெண்டு தப்புக்கு வெறும் எச்சரிக்கைதான், காசு பிடிக்க மாட்டாங்க. அதை அவங்ககிட்ட நான் சொல்லல.

பேட்டரி_பேக்கப்:
எனக்கு ஃபிராஸ்ட்பங்க், உறைபனியில ஒரு ஊரை ஜெனரேட்டர் சூட்டுல காப்பாத்துற கேம். சர்வைவர் மோடுங்கிற கஷ்டமான முறை, கேமை விட்டு வெளியே வந்தாத்தான் சேவ் ஆகும். கடைசிப் புயல், குழந்தைகளையும் வேலைக்கு அனுப்பிச் சேர்த்த நிலக்கரி, நடுவுல ஜெனரேட்டர் செக்கச்செவேல்னு எரியுது. கோத்தகிரியில ஜூலைக் காத்துக்கு எங்கயோ மரம் லைன் மேல விழுந்து கரண்ட் போச்சு. இருட்டுல அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

அதனால மலையில விளையாடுற எல்லாருக்கும் சொல்றேன், தயவுசெஞ்சு ஒரு யூபிஎஸ் வாங்குங்க. சாதாரண சிஸ்டத்துக்கு 600 விஏ (யூபிஎஸ் தாங்கற சக்தியோட அளவு) போதும், சேவ் பண்ணி மூடுற அளவுக்கு நேரம் கிடைக்கும். கிராஃபிக்ஸ் கார்டு பெரிசா இருந்தா 1000 விஏக்குக் குறையாதீங்க. வீட்டு இன்வெர்ட்டர்ல சிஸ்டத்தைக் கோர்க்கிறவங்க, அது மாறுற அந்த ஒரு நொடியில ரீஸ்டார்ட் ஆகுதான்னு முதல்ல சோதிச்சுப் பாருங்க. லோ வோல்டேஜ் ஏரியான்னா ஸ்டெபிலைசர் தனியா வேணும். எர்த் சரியா இருக்கான்னு ஒரு எலக்ட்ரீஷியனை வெச்சுப் பார்த்துடுங்க, இடி மழைக்கு முன்னாடி பிளக்கையே பிடுங்கிடுங்க. அடுத்தது ஈரம். மழை மாசத்துல சிஸ்டத்தைப் பல நாள் போடாம விடாதீங்க, தினமும் கொஞ்ச நேரமாவது ஓடட்டும். சுவரோட ஒட்டி வைக்காதீங்க. பழைய டிவிடி வெச்சிருக்கறவங்க டப்பாவுக்குள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க, இல்லாட்டி பூஞ்சை பிடிச்சுரும். ஜன்னல் பக்கம் மானிட்டர் வேண்டவே வேண்டாம்.

மூடுபனி_கொடை:
ஓவேலி தம்பி, காகிதம் இருந்தாத்தான் கொடுமைன்னு இல்ல. ஊரே உன்னைத் தனியா விட்டுட்டாலும் கொடுமைதான். ரெண்டும் ஒரே வகைன்னு நான் சொல்லல. ஆனா அம்மாயி கதைக்கு முன்னாடி இந்த வாதத்துக்கு எனக்கு மனசு வரல, விட்டுர்றேன்.

ஊசியிலை:
குன்னூர் அண்ணா, டப்பாவை எடுத்ததுக்காக மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. நானும் எடுத்தவதான், கேம்ல இல்ல.

அப்பா வேலை பார்த்த ஃபேக்டரி மூடி வருஷக்கணக்காச்சு. எந்த ஃபேக்டரின்னு வேண்டாம், ஊட்டிக்காரங்களுக்குப் புரியும். பன்னிரண்டு வயசு வரைக்கும் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். சிட்டி 17ல குழந்தைகளே கிடையாது, ஆனா விளையாட்டுத் திடல் இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்ததும் கன்ட்ரோலரை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன், எங்க குவார்ட்டர்ஸ் ஊஞ்சல் ஞாபகம்.

இந்தப் பொங்கலுக்குப் போய்ப் பார்த்தேன். கூரை ஓடு பாதி இல்ல, அடுப்படிக்குள்ள உண்ணிச்செடி ஆளுயரம். ஆனா கொல்லையில அப்பா ரெண்டு கம்பியை முறுக்கிக் கட்டின கொடி அப்படியே விறைப்பா நிக்குது. அதுல ஒரே ஒரு பிளாஸ்டிக் கிளிப். பச்சை நிறமா இருந்தது, வெயில்ல வெளுத்து எலும்பு மாதிரி ஆயிருச்சு. அழுத்தினதும் ஒரு பக்கம் பொடிஞ்சு போச்சு. மிச்சத்தைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறப்ப வாட்ச்மேன் வந்தாரு. "இங்கே என்னம்மா வேலை? கையில என்ன, கீழே போடு."

போட்டுட்டேன். இது எங்க வீடுன்னு சொல்லியிருக்கலாம். பஸ் ஏறி ஃபிங்கர் போஸ்ட் வர்ற வரைக்கும் வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு வந்தேன்.

இப்பவும் வாரத்துல ஒரு ராத்திரி அந்த கேமைப் போட்டு சும்மா நடக்கிறேன். அங்க எல்லாம் இடிஞ்சு கிடந்தாலும் யாரோ உக்காந்து பார்த்துப் பார்த்து வரைஞ்சிருக்காங்க, ஒரு சன்னல், ஒரு தண்ணிக் குழாய் கூட விடல. எங்க குவார்ட்டர்ஸை அப்படி யாரும் பார்த்ததில்ல.

குன்னூர்_சங்கு:
ஊசியிலை, அடுத்த தடவை போறப்ப சொல்லுங்க, நானும் வர்றேன். ரெண்டு பேரா நின்னு சொல்லுவோம்.

ஓவேலி தம்பி, அம்மாயி அப்புறம் அந்த கேமைப் பார்த்தாங்களா?

ஓவேலி_மழை:
இல்லண்ணா. மறுநாள் காலையில டீ குடுக்கறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, "அந்தப் புள்ள புருஷன்கூடப் போய்ச் சேர்ந்துட்டாளா?"ன்னு.

கேட்டைத் தாண்டினா அவ்வளவுதான், அதுக்கு மேல கேம்ல காட்ட மாட்டாங்க. நான் இன்னும் பதில் சொல்லல.