கால் சென்டர் வேலைக்கு போலாமா? மார்த்தாண்டத்துல இருந்து கேக்கேன்

குழித்துறை பிள்ள:
எல்லாருக்கும் வணக்கம். பி.காம் முடிச்சு ஒரு வருசம் ஆச்சு, பேங்க் எக்ஸாம் ரெண்டு தடவ எழுதியும் பிரிலிம்ஸ் தாண்டல. அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு, மழைக்காலத்துல அதும் சரியா கிடைக்காது. இப்ப ரெண்டு ஆஃபர் கைல இருக்கு. ஒண்ணு சென்னை, அமெரிக்க கஸ்டமர், நைட் ஷிப்ட், 22 ஆயிரம். இன்னொண்ணு திருவனந்தபுரம் கழக்கூட்டம், தமிழ் மலையாளம் ரெண்டுலயும் பேசணும், பகல் ஷிப்ட், 16 ஆயிரம். நைட்டுன்னு சொன்ன உடனே அம்மா சோத்த பாதில வச்சுட்டு எழும்பி போயிட்டாவ. வேல பாத்தவங்க உள்ளது உள்ளபடி சொல்லுங்க.

நாகர்கோவில்காரன்:
தங்கச்சி, நான் சென்னையில 3 வருசம் நைட் ஷிப்ட் பாத்தேன். தமிழ் மீடியம் படிச்சவன், இன்னைக்கு இங்கிலீஷ்ல யாருகிட்டயும் பயப்படாம பேசுகேன்னா அது அந்த வேல தந்ததுதான், அத மறக்க மாட்டேன். ஆனா உடம்பு போச்சு. பகல்ல தூக்கம் வராது, சாயங்காலம் 6.30-க்கு தொடங்குற ஷிப்ட் நவம்பர் வந்தா 7.30 ஆயிரும், அமெரிக்காவுல கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வைப்பாங்க, நாம திரும்பவும் தூக்கத்த மாத்தணும். ஒரு நாள் ஒரு பாட்டி, புருசன் செத்துட்டாரு அவருக்க பேர்ல உள்ள போன் லைன நிறுத்தணும்னு கூப்பிட்டு அழுதுட்டே இருந்தாங்க, நான் குறுக்க பேசாம 14 நிமிசம் கேட்டேன், எங்களுக்கு ஒரு காலுக்கு 6 நிமிசம்தான் கணக்கு, அந்த மாசம் எனக்கு மார்க்க கொறச்சுட்டாங்க. அந்த பாட்டிக்க குரல் இன்னும் காதுல கேக்கு. இன்னொரு காரியம், 22 ஆயிரம்ங்கிறது சிடிசியா, அதாவது நமக்காக கம்பெனிக்கு ஆகுற மொத்த செலவா, இல்ல கைல வாறதான்னு கேளு, கம்பெனி கட்டுற பிஎஃப்பையும் சிடிசில சேத்துதான் சொல்லுவாங்க.

கழக்கூட்டம் அக்கா:
நான் இப்ப அங்கதான் வேல பாக்கேன் பிள்ளே, வேற கம்பெனி. நம்ம ஊருக்காரங்களுக்கு மலையாளம் பேச வாறது பெரிய சொத்து, அத வச்சு சம்பளத்த கூட்டி கேளு, கூச்சப்படாத. வாராந்திர லீவு மாறி மாறி வரும், ஞாயித்துக்கெழம கோயிலுக்கு போக முடியாது, போன கிறிஸ்மஸுக்கு ஹெட்செட்ட மாட்டிட்டு இருந்தேன், வீட்டுல எல்லாரும் வீடியோ கால்ல வந்தப்போ கண்ணு கலங்கிட்டு. தொண்டைய பாத்துக்கோ, ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி கொண்டு போ, சத்தத்த உயர்த்தாம பேச பழகு. பகல் ஷிப்ட்டுன்னு சொல்லிட்டு ஆறு மாசம் கழிச்சு ராத்திரிக்கு மாத்துவாங்களா, மாத்துனா வீட்டுல கொண்டு விடுற கம்பெனி கேப் எதுவரைக்கும் வரும், இத எழுதி வாங்கு. எங்க கேப் கேரள எல்லையில உள்ள பாறசாலைய தாண்டி நம்ம ஊர் பக்கம் வராது, அதனாலதான் நான் ஹாஸ்டல்ல நிக்கேன்.

தக்கலை மாமா:
வேலைக்கு டெபாசிட்டுன்னு பணம் கேட்டாலோ ஒரிஜினல் சர்டிபிகேட்ட கேட்டாலோ அந்த இடத்துலயே எழும்பி வந்துரு மக்களே. கம்பெனிய பத்தி அங்க வேல பாக்கவங்ககிட்ட நேர்ல விசாரி. தாய்லாந்துல கால் சென்டர் வேலைன்னு ஏஜென்ட் வந்தா கிட்டயே சேக்காத, 2022-ல மத்திய அரசே அதுக்கு எச்சரிக்கை விட்டுச்சு, மியான்மருக்கு கடத்திட்டு போயி மோசடி வேல செய்ய வச்சாங்க, அதுல நம்ம தமிழ்நாட்டு பையன்மாரும் மாட்டுனாவ.

குழித்துறை பிள்ள:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாகிட்ட வாசிச்சு காட்டினேன், கழக்கூட்டம்னா சம்மதம்னு சொல்றாவ. அக்கா, குழித்துறையில காலம்பற ரயில் பிடிச்சா 9 மணி ஷிப்ட்டுக்கு வந்து சேர முடியுமா, இல்ல ஹாஸ்டல்தான் பாக்கணுமா?