பழைய கூரைக் கட்டைகள்: தேக்கா, சாலா என்று அறிவது எப்படி?

ராயபுரவாசி:
எங்கள் தெருவில் இடிக்கப்பட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பிய தட்டைக் கூரை) வீட்டின் கூரைக் கட்டைகள் சிலவற்றை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் மூன்றுக்கு நான்கு அங்குலம், எட்டடி நீளம். சுண்ணாம்பும் புகையும் படிந்து எல்லாமே கருத்திருக்கின்றன. விற்றவர் அத்தனையும் பர்மா தேக்கு என்று அடித்துச் சொல்கிறார். ஆனால் சில கட்டைகள் மற்றவற்றைவிட நன்றாகவே கனக்கின்றன. திண்ணையில் போட ஒரு பெஞ்சு செய்ய விரும்புகிறேன். மரம் இன்னதென்று உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

இழைப்புளி:
ஐயா, மேல்தோற்றத்தை நம்பாதீர்கள். நெடுநாள் புகைபட்ட எந்த மரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். முனையில் ஓர் அங்குலத்தை அறுத்துத் தள்ளிவிட்டு, புதிய வெட்டுமுகத்தைச் சவர பிளேடால் வழவழப்பாகச் சீவி, சற்று நீர் தடவி, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸால் பாருங்கள். தேக்கில் ஆண்டு வளையங்கள் தெளிவாக இருக்கும். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். தடவினால் லேசான எண்ணெய்ப் பசையும், முகர்ந்தால் பதப்படுத்திய தோலின் வாடையும் உண்டு. கனத்த கட்டைகள் சால் என்ற குங்கிலிய மரமாக இருக்கலாம். சாலில் வளையங்கள் அவ்வளவு எடுப்பாகத் தெரியாது. பிசின் அடைத்த நுண்குழல்கள் மெல்லிய வெள்ளைக் கோடுகளாக ஆங்காங்கே ஓடும். அந்தக் கோட்டைக் கண்டுவிட்டால் அது தேக்கு அல்ல.

எடையும் துணை செய்யும். உலர்ந்த தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. சால் 850-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். உங்கள் அளவுள்ள கட்டை தேக்கானால் ஏறக்குறைய 12 கிலோ, சாலானால் 16 கிலோ நிற்கும்.

வியாசர்பாடி வாசகர்:
வேங்கை மரத்தையும் மறந்துவிடக் கூடாது. இழைத்த சுருளைக் கண்ணாடித் தம்ளர் நீரில் ஊறவைத்து, மறுநாள் வெயிலில் கருப்புத் துணியை ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் நீர் நீலமாக மினுங்கும். அதன் இனத்தைச் சேர்ந்த வேறு சில மரங்களும் இவ்வாறு நீலம் காட்டுவதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பெரம்பூர்த் தச்சர்:
தம்பி, எது ஆனாலும் வைரம் பாய்ந்த கட்டை, வீணாக்க வேண்டாம். ஆனால் அறுவை மில்லுக்குக் கொண்டுபோகும் முன் காந்தத்தை நான்கு பக்கமும் ஓட்டி, தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணிகளையும் பிடுங்கிவிட வேண்டும். ஆணி பட்டால் மில்காரரின் பிளேடு போய்விடும், அடுத்த முறை உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார். பழைய பெயிண்ட்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதை உலர்நிலையில் தேய்க்காதீர்கள்.

ஒரு கட்டையின் மூன்றங்குலத்தை இரண்டாகப் பிளந்து, நீளத்தைப் பாதியாக்கினால் நான்கு பலகைகள் கிடைக்கும். நான்கடி பெஞ்சின் இருக்கைக்கு அதுவே போதும். பதினேழு அங்குலக் கால்கள் நான்கும் இரண்டாவது கட்டையில் வந்துவிடும், கால்களை இணைக்கும் சட்டங்களுக்கு மூன்றாவது. கால்களில் துளை அடித்து, சட்டத்தின் கழுந்தை (முனையில் செதுக்கிய நாக்கை) இறுக்கமாக இறக்குங்கள். தேக்கில் எண்ணெய் இருப்பதால், பசை தடவுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். சாலுக்கு ஸ்க்ரூ போடும் முன் துளையிட்டாக வேண்டும், இல்லையேல் பிளந்துவிடும். இருக்கைப் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒரு காசு நுழையும் இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். கடற்காற்றின் ஈரத்தில் மரம் உப்புவதற்கு இடம் வேண்டும்.

ராயபுரவாசி:
மிக்க நன்றி, அண்ணா. கனத்த கட்டைகளின் வெட்டுமுகத்தில் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. எடையும் 16 கிலோவை ஒட்டியே நிற்கிறது. கால்களுக்கும் சட்டங்களுக்கும் சால், இருக்கைக்குத் தேக்கு என்று முடிவு செய்திருக்கிறேன். ஆளிவிதை எண்ணெய் பூசினால் போதுமா?

பெரம்பூர்த் தச்சர்:
நிழலில் போடும் பெஞ்சுக்குப் போதும். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானே தீப்பற்றும், விரித்துக் காயப்போடுங்கள்.