இடக்கைக்காக ஒரு பழைய கே பாஸின் வயிற்றைத் திறக்கலாமா?

இடக்கைக்காரன்:
சிகாகோவில் கே நிறுவனம் செய்த டபுள் பாஸ் (நிறுத்தி வைத்து வாசிக்கிற ஆளுயர வயலின் மாதிரியான கருவி) ஒன்று கையில் கிடைத்திருக்கிறது. 1940களைச் சேர்ந்தது, பிளைவுட் உடம்பு. கழுத்தடியில் விரிசல்; முகப்புப் பலகை ஓரத்தில் இரண்டு இடங்களில் பசை விட்டிருக்கிறது. பதினைந்து வருடமாக பாஸ் கிடாரை இடக்கையால்தான் மீட்டுகிறேன். பழுது பார்க்கும்போதே இதையும் இடக்கைக்கு மாற்றிவிட ஆசை. கம்பிகளை இடம் மாற்றினால் போதுமா?

உளிச்சத்தம்:
போதாது. தடித்த ஈ கம்பிப் பக்கம் இருக்கிற கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜின் காலுக்கு அடியில், முகப்பின் உட்புறம் நீளவாக்கில் பாஸ் பார் என்கிற மரச்சட்டம் ஒட்டியிருக்கும். மெல்லிய ஜி கம்பிப் பக்கத்துக் காலருகே சவுண்ட்போஸ்ட், பசையே இல்லாமல் இறுக்கத்தில் நிற்கிற குச்சி. கம்பிகளை மட்டும் திருப்பினால் ஈ கம்பி குச்சியின் பக்கம் வந்துவிடும். அங்கே முகப்பு தாராளமாக அசையாது. ஆழமான சுரம் தொண்டையில் சிக்கியது மாதிரிதான் வரும். முகப்பைக் கழற்றி பாரை மறுபக்கம் ஒட்டுங்கள். கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் பதிகிற நட், பிரிட்ஜ் இரண்டும் புதிதாக வெட்ட வேண்டும். பழைய பிரிட்ஜில் ஈ பக்கம் உயரம், ஜி பக்கம் தாழ்வு. அதை அப்படியே பயன்படுத்த முடியாது.

நாலுகம்பி:
கடுமையாக மறுக்கிறேன். தனி மரத்தில் செய்த பாஸ் என்றால் விலங்குப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும், கத்தி வழுக்கிக்கொண்டு போகும். பிளைவுட்டில் கத்தி அடுக்குகளுக்கு நடுவே நுழைந்தால் மேல் அடுக்கு தோலாக உரிந்து வரும். முன்பு யாராவது வெள்ளைப் பசை வைத்து ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். அப்படி உரிந்த ஒரு பாஸின் ஓரத்தைச் சரி செய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது. எண்பது வருடம் தாங்கிய கருவி. கழுத்தைச் சரி செய்து, வலக்கை முறையிலேயே பழகுங்கள். கம்பியை அழுத்துகிற கடினமான வேலை இடக்கைக்குத்தானே, உங்களுக்கு அது நல்லதுதான்.

இடக்கைக்காரன்:
அண்ணா, இதை எல்லா இடக்கைக்காரரிடமும் சொல்கிறார்கள். தாளம் பிறப்பது கம்பியை இழுக்கிற கையில். என் காலப்பிரமாணம் இடது விரல்களில் இருக்கிறது. வலது விரலால் இழுத்தால் ஒவ்வொரு அடியும் மயிரிழை பிந்துகிறது, முயன்று பார்த்துவிட்டேன். 1950களில் ஜாஸ் பியானோ கலைஞர் பில்லி டெய்லரின் மூவர் குழுவில் பாஸ் வாசித்த ஏர்ல் மே இடக்கைக்காரர்தான். அந்தக் கையாலேயே வாசித்தார்.

வில்பிடி:
ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கும் எண்ணம் உண்டா? பாஸ் வரிசையில் எல்லா வில்லும் ஒரு பக்கம் போகும்போது உங்களுடையது மட்டும் எதிர்ப்பக்கம் போகும், பக்கத்தில் இருப்பவர் முழங்கையில் இடிக்கும். பல குழுக்கள் இதற்கு ஒப்புவதில்லை. ஜாஸுக்கு, விரலால் மீட்டுவதற்கு மட்டும் என்றால் இந்தக் கவலை இல்லை.

இடக்கைக்காரன்:
விரலால் மட்டும்தான்.

உளிச்சத்தம்:
அப்படியானால் என் பேச்சில் மாற்றமில்லை. பிளைவுட் என்பதில் ஒரு வசதியும் உண்டு. செதுக்கிய முகப்புகளில் இரு பக்கமும் கனம் வேறுபடலாம், பாரை மட்டும் மாற்றினால் குரல் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. இதில் கனம் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். விரல்கள் கம்பியை அழுத்துகிற பலகையான ஃபிங்கர்போர்டில் குறுக்கே அளவுச்சட்டம் வைத்துப் பாருங்கள். சிலவற்றில் ஈ கம்பிக்கு அடியில் சீவித் தட்டையாக்கியிருப்பார்கள். அப்படியிருந்தால் அதையும் மறுபடி இழைக்க வேண்டும்.

நாலுகம்பி:
நான்கு கம்பியும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கிற கருவி இது, உளிச்சத்தம். பார் சரியாகப் பொருந்தாவிட்டால் முகப்பு அமுங்கும். முதலில் கம்பிகளை மட்டும் திருப்பி, பிக்கப் (அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற கருவி) வைத்து மேடையில் வாசித்துப் பார்க்கட்டும். பிளைவுட் பாஸில் அப்படியே காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரு மாலையில் பழையபடி மாற்றிவிடலாம். திறந்த முகப்பை அப்படி மாற்ற முடியாது.

உளிச்சத்தம்:
திருப்பிக் கட்டவும் புது நட், புது பிரிட்ஜ் செலவு உண்டே. முகப்பு ஏற்கெனவே இரண்டு இடத்தில் விட்டிருக்கிறது. உள்ளே பாரும் கழன்றிருந்தால் எப்படியும் திறந்துதான் ஆக வேண்டும். திறந்த பிறகு பழைய இடத்திலேயே ஒட்டுவதில் என்ன அர்த்தம்?

நாலுகம்பி:
பார் கழன்றிருந்தால் நான் தடுக்க மாட்டேன். நன்றாக ஒட்டியிருந்தால் கை வைக்காதீர்கள்.

இடக்கைக்காரன்:
முகப்பில் இருக்கிற எஃப் வடிவத் துளை வழியே சிறு கண்ணாடியும் டார்ச்சும் விட்டுப் பார்த்தேன். பாரின் மேல் முனையில் ஒரு விரல் நீளத்துக்கு இடைவெளி, தாள் நுழைகிறது. முகப்பைத் தட்டினால் அந்த இடம் சலசலக்கிறது. திறக்கிறேன்.

நாலுகம்பி:
சரி. ஏற்கெனவே விட்டிருக்கிற ஓரத்திலிருந்தே கத்தியைத் தொடங்குங்கள், அவசரம் வேண்டாம். பழைய பாரைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தப் பக்கம் இருந்தது என்று பென்சிலால் எழுதி, கருவியோடு வைத்திருங்கள்.