வேளச்சேரி டு தாம்பரம்: 2 பிஹெச்கே சாமானுக்கு சின்ன யானை போதுமா?

கேள்வி: இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. டபுள் டோர் ஃபிரிட்ஜ், 6×6 கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், 25 அட்டைப்பெட்டி. ஒரே நடையில் முடியுமா?

பதில் 1: முடியாதுங்க. சின்ன யானை, அதாவது டாடா ஏஸ் தொட்டி சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குள் அகலம். கட்டிலைக் கழற்றினாலும் பெட்டிகள் வெளியே நிற்கும். 10 அடி டாடா 407 லாரி பேசுங்க. தெருவுக்குள் நுழையுமான்னு முதல்ல பாருங்க.

பதில் 2: லோடுமேன் கூலி, மாடிக்கூலி, வெயிட்டிங் எல்லாம் வாடகையில் சேர்த்தியா? முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்க. தகராறு இறக்கும்போதுதான் வரும்.

பதில் 3: மெஷின் ஃபிரண்ட் லோடா? பின்பக்கம் டிரம்மை அசையாம பிடிக்கிற ட்ரான்சிட் போல்ட் மாட்டாம ஏத்தாதீங்க, டிரம் ஆடி சஸ்பென்ஷன் போயிடும். ஃபிரிட்ஜை நிமிர்த்தியே கட்டணும். படுக்க வெச்சா கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் இறங்கும். அப்புறம் சில மணி நேரம் நிக்க வெச்சுத்தான் சுவிட்ச் போடணும். பீரோ கண்ணாடிப் பக்கம் மெத்தையைச் சாத்துங்க.